சொந்தப் பொருளைத் தொடக் கூடாது

லிஃப்டுக்கு அடியில் ஒரு பள்ளம் உண்டு. கட்டடத்தில் முப்பது வருடம் குடியிருப்பவர்கள்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கீழ்தளத்துக்கும் கீழே, ஆள் உயரத்துக்கு, எண்ணெய் வாசனையோடு இருக்கும். அங்கே இறங்கினால் போனில் ஒரு கோடு சிக்னல்கூட நிற்காது. லிஃப்ட் மெக்கானிக்கான டெஸ்டருக்கு இது பதினெட்டு வருடமாகத் தெரியும். தெரிந்தும் அன்று காலை, ஏணியில் முதல் கால் வைத்த நிலையில், கிரீஸ் அப்பிய கட்டைவிரலால் ஒரு குறிப்பை அனுப்பிவிட்டுத்தான் அவர் இறங்கினார்.

அந்தக் குறிப்பு அவர் தனக்குத்தானே எழுதிக்கொண்டது. திருகாணி அளவு, மாற்ற வேண்டிய பெல்ட், மனைவி வாங்கி வரச் சொன்ன சோப்பு என்று எல்லாவற்றையும் போனில் தன் பெயருக்கே செய்தியாக அனுப்பிவைப்பது அவர் வழக்கம். பட்டியலில் அவர் பெயருக்கு அடுத்த வரியில் இருந்தது 'உடைஞ்சது ஏதாவது இருக்கா?' குழு. நூற்று எண்பத்தாறு பேர். கட்டைவிரல் ஒரு வரி வழுக்கியது.

கீழே தேங்கியிருந்த தண்ணீரை அள்ளி, ஸ்பிரிங்குகளைத் துடைத்து, பழைய பாட்டு ஒன்றை மூக்கால் பாடிக்கொண்டு ஒன்றே முக்கால் மணி நேரம் அவர் நிம்மதியாக இருந்தார். அந்த வருடத்தில் அவருக்குக் கிடைத்த கடைசி நிம்மதி அதுதான் என்று பிறகு மனைவியிடம் சொன்னார். மனைவி, "வருஷம் முடிய இன்னும் எட்டு மாசம் இருக்கு, கொஞ்சம் பாத்துப் பேசுங்க" என்றார்.

குழுவுக்குப் போய்ச் சேர்ந்த குறிப்பு இதுதான்:

வராதவர்களும் அவர்கள் சொல்லும் காரணமும்.
பசை: முழங்கால் வலி. தினமும் காலையில் பாலம் வரை வீசி நடப்பதை என் மனைவியே பார்த்திருக்கிறாள்.
சந்தேகம்: மாமியார் வந்திருக்கிறார். மூன்று வருடமாக வந்துகொண்டே இருக்கிறார்.
ஆன்டெனா: முடி வெட்டப் போக வேண்டும். வெட்ட அங்கே என்ன இருக்கிறது?
தையல் அக்கா: வருகிறார். பாவம், ஞாயிற்றுக்கிழமை போக்கிடம் இல்லை போல.
மிச்சம் பேர்: சோம்பேறிகள்.
தேவை பத்துத் தலை. எங்கே போய்ப் பிடிப்பது?

ஏணியில் ஏறி மேலே வந்ததும், சட்டைப்பையில் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் போன் துடித்தது. நூற்று நாற்பத்து மூன்று செய்திகள். குழு தொடங்கி நாலு வருடத்தில் ஒரே நாளில் இவ்வளவு வந்ததில்லை. ஒரு நொடி டெஸ்டர் சந்தோஷப்பட்டார். எங்கோ பெரிதாக ஏதோ உடைந்திருக்கிறது என்று நினைத்தார். உடைந்தது எது என்று படித்துப் பார்த்ததும் லிஃப்ட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே போகக் காத்திருந்த ஒரு அம்மா, "இது ஓடுமா ஓடாதா?" என்று கேட்டார். "இது ஓடும்மா. நான்தான் ஓடணும்" என்றார் டெஸ்டர்.

சந்தேகம் எழுதியிருந்தார்: "அண்ணே, மூணு வருஷம் இல்ல. மூணேகால்." ஆன்டெனா ஒன்றும் எழுதவில்லை, தன் மண்டையை மேலிருந்து படம் எடுத்துப் போட்டிருந்தார், காதோரம் நாலு முடியைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டி. இவர்களைவிடப் பட்டியலில் இல்லாதவர்கள்தான் கொதித்துப்போயிருந்தார்கள். "ஆறு கூட்டத்துக்கு வராதவன் நான். என் பேர் எங்கே?" என்று ஒருவர். "மிச்சம் பேராமே! எங்களுக்கெல்லாம் ஒரு பேர் கிடையாதா?" என்று இன்னொருவர்.

பசை ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்: "சரி."

தையல் அக்கா அதுகூட எழுதவில்லை.

*

குழுவின் கதை சின்னதுதான். வீட்டில் ஏதாவது உடைந்தால் தூக்கிப் போடாமல் சரிசெய்ய நினைக்கிறவர்கள் இணையத்தில் சேர்ந்தார்கள். படம் எடுத்துப் போட்டு, "இது ஏன் இப்படிச் சத்தம் போடுது?" என்று கேட்பார்கள், தெரிந்தவர் சொல்வார். யாரும் சொந்தப் பெயரில் இல்லை. எதையும் ஒட்டியே தீர்ப்பவர் பசை. கேள்விக்கு மேல் கேள்வி போடும் பள்ளிக்கூட வாத்தியார் சந்தேகம். உயரமான, ஒல்லியான பஸ் டிரைவர் ஆன்டெனா. சட்டைப்பையில் பல்பு வைத்த திருப்புளியைப் பேனாபோல் குத்திக்கொண்டு திரிபவர் டெஸ்டர். குழுவைத் தொடங்கியவர் அவர். வீட்டிலும் இப்போது அவருக்கு அதுதான் பெயர், மனைவி கோபமாக இருக்கும்போது மட்டும்.

மாதத்தின் முதல் ஞாயிறு நேரில் கூடுவார்கள். நூலகத்தின் மாடியில் நீளமான ஒரு அறை, மூன்று மேசை, சுவரோரம் மடக்கு நாற்காலிகள். கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி. டெஸ்டர் தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்: 'சொந்தப் பொருளைத் தொடக் கூடாது. டார்ச் பிடிக்கலாம். வாயைத் திறக்கக் கூடாது.' உன் மின்விசிறியை இன்னொருவர் பிரிப்பார். அவருடைய இஸ்திரிப் பெட்டியை நீ பிரிப்பாய். முதல் வருடம் ஐம்பது பேர் வந்தார்கள். நாற்காலி போதாமல் ஜன்னல் திண்டில் உட்கார்ந்தார்கள். பிறகு முப்பது ஆனது, பன்னிரண்டு ஆனது. போன மாதம் மூன்று பேர்: டெஸ்டர், தையல் அக்கா, இன்னொருவர். அந்த இன்னொருவர் கழிப்பறை என்று நினைத்துக் கதவைத் திறந்தவர்.

அன்றைக்குத்தான் நூலகர் அம்மா மாடியேறி வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். முற்றத்தில் காலையில் கூடிச் சிரித்துப் பயிற்சி செய்யும் சிரிப்புக் குழுவில் நாற்பது பேர். மழை பெய்தால் நனைந்துகொண்டே சிரிக்கிறார்கள். அவர்களுக்குக் கூரை வேண்டுமாம்.

"அடுத்த கூட்டத்தன்னிக்குப் பதினொன்றரைக்கு வந்து எண்ணுவேன். பத்துத் தலை இருந்தா ரூம் உங்களுது. இல்லன்னா அவங்களுக்கு."

"மேடம், அவங்க சும்மா சிரிக்கிறாங்க. நாங்க வேலை செய்யறோம்."

"ரெண்டு பேர் செய்யற வேலைக்கு மூணு மேசை எதுக்கு சார்?"

டெஸ்டர் மூன்று மேசைகளையும் பார்த்தார். அந்த அறை போனால் தனக்கு என்ன போகும் என்பது அவருக்குத் தெரியும். வெளியே சொல்ல வெட்கம். அவர் தொழிலில் மனிதர்கள் அவரைத் தேடுவது நடுவழியில் மாட்டிக்கொண்டால் மட்டும்தான். கதவைத் திறந்துவிட்டதும் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடுவார்கள். அதில் தப்பில்லை, பயத்தில் ஓடுகிறார்கள். ஆனால் எங்கேயும் எதுவும் மாட்டிக்கொள்ளாத நேரத்திலும் "வாங்க டெஸ்டர்" என்று நாற்காலியை இழுத்துப் போட்ட ஒரே இடம் அந்த மாடிதான்.

*

குறிப்பு வெளியான அன்று சாயங்காலம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். வெளியே யாரோ கதவை இடித்தார்கள். திறந்தால் மனைவி. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"தட்டித் தட்டிக் கை வீங்கிப் போச்சு. ஆறு மாசமா காலிங் பெல் அடிக்கல. ஊர்ல உள்ள பெல்லெல்லாம் அடிக்க வைக்கிறீங்க."

"நாளைக்குப் பாத்துடறேன்."

"அந்த நாளைக்கும் ஆறு மாசம் ஆச்சு." செருப்பைக் கழற்றிவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். "கடைக்கு வந்த ரெண்டு பேர் உங்க லிஸ்ட்டப் படிச்சுக் காட்டினாங்க. 'என் மனைவியே பார்த்திருக்கிறாள்'னு என்னைச் சாட்சிக்கு வேற இழுத்து விட்டிருக்கீங்க. பசை அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

"குழுவுல மன்னிப்புக் கேட்டுட்டேன்."

"மன்னிப்பு மட்டுமா கேட்டீங்க? அதுக்குக் கீழயே ஒருத்தர் வாஷிங் மெஷின் ஆடுதுன்னாரு, அதுக்கும் பதில் போட்டிருக்கீங்க. ரெண்டே நிமிஷத்துல."

"ஆடினா பாதம் லெவல் பண்ணணும். அவ்வளவுதானே? சொன்னா என்ன?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, "நேர்ல போங்க. போய் ஏன் வரலன்னு கேளுங்க. பதில் சொல்லாம கேளுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

*

முதலில் தையல் அக்கா. கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று பழைய துணிகளுக்கு மறுவாழ்வு கொடுக்கும் கடை. அகலம் ஒரு கதவு, நீளம் இரண்டு மிஷின். அக்கா வாயில் நாலு குண்டூசியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, அது... நான் எழுதினது..."

அக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினார். "பொய்யா எழுதினீங்க? ஞாயித்துக்கிழமை எனக்குப் போக்கிடம் இல்லதான். ஆனா அது எனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயமா இருந்துச்சு. இப்ப நூத்தி எம்பத்தாறு பேருக்குத் தெரியும்."

டெஸ்டர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓரத்து மிஷின்மேல் வைத்தார். பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தது. விரல் தானாகத் திருகைத் தேடியது.

"மத்தவங்க ஏன்க்கா வர்றதில்ல? உங்களுக்காவது தெரியுமா?"

"நூலகத்துல படி ஜாஸ்தி."

"ஐம்பது பேர் வந்தப்பவும் அதே படிதானே?"

"டெஸ்டர், அந்தத் திருகுல இருந்து கையை எடுங்க. இருபத்தி மூணு வருஷமா அது அந்த அளவுலதான் இருக்கு. எனக்கு அப்படித்தான் வேணும்."

"கொஞ்சம் இறுக்கினா நல்லா..."

"எடுங்க."

எடுத்துவிட்டார். எடுப்பதற்குள் அரைத்திருகு திருகிவிட்டார். அவர் படியிறங்கும்போது அக்கா அதை மறுபடி தளர்த்தும் சத்தம் கேட்டது.

சந்தேகம் வீட்டில் கதவைத் திறந்தது வெள்ளைத் தலை, தடிமனான கண்ணாடி, நிமிர்ந்த முதுகு. "வாங்க. நான்தான் மூணேகால் வருஷம்" என்றார் மாமியார்.

டெஸ்டர் அங்கேயே கரைந்து கதவிடுக்கு வழியாக ஒழுகிப்போகத் தயாராக இருந்தார். உள்ளேயிருந்து சந்தேகம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து காப்பாற்றினார். அடுக்களையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காராமல் டெஸ்டர் குழாய்ப் பக்கம் போனார்.

"அதை நான் ஞாயித்துக்கிழமை பாக்கலாம்னு வெச்சிருந்தேன்ணே. புத்தகம்கூட எடுத்துட்டு வந்தேன்."

"இதுக்கு எதுக்குப் புத்தகம்? வாஷர்தான்." பையிலிருந்து வாஷர் வந்தது, குறடு வந்தது. "சொல்லுங்க, ஏன் வர்றதில்ல?"

"அது... கேட்டா அங்கயே ரெண்டு நிமிஷத்துல பதில் போட்டுடறீங்களே. அப்புறம் நேர்ல வந்து எதைக் கேக்கறது?"

சொட்டு நின்றது. டெஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. இவ்வளவு நாள் கழித்து ஒருவராவது தன் சேவையைப் புரிந்துகொண்டாரே! மாமியார் குழாயையும் மருமகனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாவம், ஒரு வாரமா அந்தப் புத்தகத்தைப் படிச்சிட்டிருந்தாரு" என்றார். டெஸ்டர் காதில் அது விழுந்தது. உள்ளேதான் போகவில்லை.

கடைசியில் பசை. அவர் செய்வது பல்செட். வரிசை வரிசையாகப் பற்கள் மேசையில் சிரித்துக்கொண்டிருக்க, அவற்றின் நடுவே பசை மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் ஊசி முனை அளவு ஒரு அரம். நாலு வருடத்துக்கு முன் குழுவில் சேர்ந்த இரண்டாவது ஆள் அவர்தான். முதல் கூட்டத்தில் இரண்டே பேர். ஒரு பூச்சாடியை மூன்று மணி நேரம் கோணலாக ஒட்டிவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"முழங்கால் எப்படி இருக்கு?"

"பாலம் வரைக்கும் நல்லா இருக்கு."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல நூலகம் வருது."

"தப்புதான் பசை. லிஸ்ட்டு எனக்கே எனக்குன்னு எழுதினது."

"எழுதினதுல எனக்கு வருத்தம் இல்ல. நடக்கறது உண்மைதானே."

"பின்ன ஏன் வர்றதில்ல?"

பசை அரத்தைக் கீழே வைத்து, ஒரு பல்லை ஊதி, மறுபடி அரத்தை எடுத்தார். "வேலை ஜாஸ்தி" என்றார்.

மேசை விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டியது. ஹோல்டரில்தான் கோளாறு, டெஸ்டருக்குப் பார்த்ததுமே தெரிந்தது. கை நீண்டது. பசை விளக்கை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அது அப்படித்தான் எரியும். விட்டுடுங்க."

பத்து பல்செட்டுகள் பார்த்துக்கொண்டிருக்க டெஸ்டர் வெளியே வந்தார்.

*

ஞாயிற்றுக்கிழமைக்கு முப்பத்தொரு பேர் வருவதாகக் குழுவில் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். டெஸ்டர் ஒன்பது மணிக்கே போய் முப்பத்தொரு நாற்காலி போட்டார். வந்தவர்கள் பதினான்கு பேர். அதுவே அவருக்கு மலைப்பாக இருந்தது. தையல் அக்கா வந்தார். அவரிடம் பேசவில்லை, ஆனால் வந்தார். சந்தேகம் மாமியாரோடு வந்தார். "என்னால வரலன்னு சொல்லக் கூடாது பாருங்க" என்றார் மாமியார். ஆன்டெனா தொப்பி போட்டு வந்தார். கணவனும் மனைவியுமாக ஒரு புது ஜோடி இஸ்திரிப் பெட்டியோடு வந்தது. பசையைக் காணவில்லை.

டெஸ்டர் இந்த முறை ஒருவரும் முகம் வாடித் திரும்பக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தார். ஆன்டெனா இஸ்திரிப் பெட்டியின் முதல் திருகைத் தொட்டதும், "இப்படிக் குடுங்க" என்று வாங்கினார். வயர் அறுந்திருந்தது, ஐந்து நிமிடம். சந்தேகம் ஒரு டார்ச்சைப் பிரித்துப் புத்தகத்தில் படம் தேடிக்கொண்டிருந்தார். "இப்படிக் குடுங்க." மூன்று நிமிடம். மேசை விசிறி, பாட்டுப் பெட்டி, மூடி பிடிக்காத பிளாஸ்க் எல்லாம் அவர் கைக்கு வந்து, பிழைத்து, போனது. நெற்றி வியர்வையைத் துடைத்து நிமிர்ந்தால் மணி பத்து ஐம்பது. மேசை காலி.

எல்லோரும் மனதார நன்றி சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போனார்கள். சரியாகிவிட்ட பொருளைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருக்க முடியும்? பதினொன்று ஐந்துக்கு அறையில் ஐந்து பேர், இருபத்தாறு காலி நாற்காலி. கீழே முற்றத்திலிருந்து நாற்பது பேர் ஒரே குரலில் ஹஹ்ஹா என்று சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் என்று டெஸ்டருக்குப் பட்டது.

"இன்னொரு தடவை உடைச்சுக் கொண்டாரச் சொல்லலாமா?" என்றார் ஆன்டெனா.

அப்போது படியில் காலடிச் சத்தம். முதலில் பசை, பின்னால் டெஸ்டரின் மனைவி. மனைவி கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மேசைமேல் கவிழ்த்தார். கிண்ணமும் குட்டிச் சுத்தியலும் வைத்த பழைய மாதிரி பேட்டரி பெல், ஒரு பொத்தான், பிய்த்தெடுத்த வயர், கொஞ்சம் சுண்ணாம்பு.

"அடுக்களைக் கத்தியால கழட்டினேன்" என்றார் மனைவி. "பசை அண்ணன் வீட்டுக்குப் போய், 'இது உங்க கையாலதான் ஆகணும், வாங்க'ன்னு கூட்டிட்டு வந்தேன்."

டெஸ்டர் தாவினார். "இப்படிக் குடு, இது ஒரு..."

"தொடாதீங்க!" தையல் அக்கா. அன்று முதன்முதலாக அவரிடம் பேசியது அதுதான். "யாரு பொருள் இது?"

"வீட்டுப் பொருள்."

"வீடு யாருது?"

டெஸ்டர் வாய் திறந்தார். அக்கா சுவரைக் காட்டினார். அவருடைய கையெழுத்து அவரையே முறைத்தது. ஆன்டெனா ஒரு டார்ச்சை எடுத்து அவர் கையில் திணித்தார், சற்றுமுன் டெஸ்டரே சரிசெய்த டார்ச். நாலு வருடத்தில் டெஸ்டர் உடைந்த பொருள் ஒன்றைக்கூட இந்த அறைக்குக் கொண்டுவந்ததில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அவருக்கும்.

ஒளி பெல்லின்மேல் விழுந்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இடது பக்கத் திருகுக்குப் பின்னால் ஒரு வயர், முடி அளவு விலகியிருந்தது. தள்ளிவிட்டு இறுக்கினால் முடிந்தது, அரை நிமிட வேலை. தொண்டைவரை வந்ததை விழுங்கினார்.

"பேட்டரி தீர்ந்திருக்கும்" என்றார் சந்தேகம், புத்தகத்தைப் புரட்டியபடி.

"துரு. எல்லாம் துருதான். தேய்ச்சா போயிடும்" என்றார் ஆன்டெனா.

"எங்க வீட்டு பெல் குயில் மாதிரி கூவும். இது என்ன, கிண்ணத்த வெச்சுக்கிட்டு?" என்றார் மாமியார்.

"பொத்தான் விரிசல் விட்டிருக்கு. முதல்ல ஒட்டணும்" என்றார் பசை. கண்ணில் ஏதோ மினுங்கியது.

"ஒட்டறதுக்கு முன்னாடி பிரிக்கணும்ணே!"

"ஒட்டிட்டுப் பிரிக்கலாம்."

டெஸ்டர் கையிலிருந்த டார்ச் நடுங்கியது. "வெளிச்சம் ஆடுது, ஒழுங்காப் பிடிங்க" என்று அக்கா அதட்டினார். இடது பக்கத் திருகின்மேல் மட்டும் ஒளியை நிறுத்திப் பார்த்தார் டெஸ்டர். "ஜாடை காட்டக் கூடாது!" என்று மனைவி பிடித்துவிட்டார்.

மறந்த குடையை எடுக்க அந்தப் புது ஜோடி திரும்பி வந்தது. கணவன், "சுவிட்சா இருக்குமோ?" என்று குனிந்தார், அவர் மனைவி, "நீங்க தள்ளுங்க" என்று அவரைவிட அதிகமாகக் குனிந்தார். குடை நாற்காலியிலேயே கிடந்தது. சிரிப்புக் குழுத் தலைவர் கையில் அளவு நாடாவோடு உள்ளே வந்தார், நாற்பது பாய் கொள்ளுமா என்று அறையை அளக்க. சுவரோரம் பாதி அளந்தவர் நாடாவைச் சுருட்டாமலே மேசைக்கு வந்துவிட்டார். "ஐயா, கிண்ணத்துக்கும் சுத்தியலுக்கும் இடைவெளி பத்தல. எங்க வீட்டுல இதே கதைதான்" என்றார். உடனே இரண்டு பேர் அவரோடு சண்டைக்குப் போனார்கள்.

பதினொன்றரைக்கு நூலகர் அம்மா வந்து வாசலில் நின்றார். யாரும் திரும்பவில்லை. விரலை நீட்டி எண்ணினார்.

"பத்து" என்றார். ஒரு கணம் யோசித்தார். "இவர் சிரிப்புக் குழு ஆச்சே?"

"தலையைத்தானே எண்ணறதா சொன்னீங்க மேடம்? அவருக்கும் தலை இருக்கே" என்றார் மாமியார்.

நூலகர் அம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "சத்தம் மட்டும் கீழ வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சத்தம் பன்னிரண்டே காலுக்கு வந்தது. துரு தேய்த்து, பேட்டரி மாற்றி, பொத்தானைத் தலைகீழாக ஒட்டி, மறுபடி பிய்த்து, கடைசியில் தையல் அக்காவின் குண்டூசி ஒன்று தற்செயலாக இடது பக்கத் திருகுக்குப் பின்னால் பட்டது. பெல் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது, பொத்தானுக்குள் ஒட்டிய கோந்து இறங்கி அது உள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. மாமியார் காதைப் பொத்தினார், சிரிப்புக் குழுத் தலைவர் பயிற்சி எதுவும் இல்லாமலே சிரித்தார், பசை கண்ணில் நீர் வரச் சிரித்தார். கீழேயிருந்து நூலகர் அம்மா கத்தியது பெல் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பேட்டரியைப் பிடுங்கினால் நின்றுவிடும். டெஸ்டர் டார்ச்சை இறுகப் பிடித்துக்கொண்டு, பிடுங்கச் சொல்லாமல், உட்கார்ந்திருந்தார்.

*

ஒரு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். பொத்தானை அடுத்த மாதம் பார்ப்பதாக முடிவு. அதுவரை கதவைத் தட்டிக்கொள்வதாக மனைவி ஒப்புக்கொண்டார். அக்காவும் அவரும் ஏதோ பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்கள். தையல் அக்கா வாசலில் நின்று, "டெஸ்டர், அடுத்த மாசம் எனக்குப் போக்கிடம் இருக்கு. இங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பசையும் டெஸ்டரும் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கினார்கள். ஒரு நாற்காலி மடங்க மறுத்தது. டெஸ்டர் கை நீட்டினார், பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பசை அதை இப்படி அப்படித் திருப்பி, உதைத்து, விரலை நசுக்கிக்கொண்டு, ஒரு வழியாக மடக்கினார்.

"மூணாவது தடவை கேக்கறேன் பசை. முழங்கால் வேணாம், வேலை ஜாஸ்தி வேணாம். ஏன் வரல?"

பசை விரலை வாயில் வைத்துச் சப்பினார். பிறகு அந்த நாற்காலியையே மறுபடி விரித்து அதில் உட்கார்ந்தார்.

"என் வேலையில நூலளவு தப்பினா ஒருத்தர் வாய் புண்ணாயிடும், சாப்பிட முடியாது. அதனால நாள் பூரா தப்பே பண்ணாம உக்காந்திருக்கேன். தப்பு பண்றதுக்குன்னு எனக்கு இருந்த ஒரே இடம் இந்த மாடி. இங்க நான் எதையாவது எடுத்துத் தப்பா ஆரம்பிச்சா, நீங்க பின்னால வந்து 'இப்படிக் குடுங்க'ன்னு வாங்கி ரெண்டு நிமிஷத்துல சரியா முடிச்சிடுவீங்க. நல்லாத்தான் முடிப்பீங்க, அதுல குறை சொல்லல. நாலு மாசம் தொடர்ந்து வாங்கினீங்க டெஸ்டர். அஞ்சாவது மாசம் நான் வரல. அவ்வளவுதான்."